கயிறும் அற்புதமும்: தமிழ், மலையாளத் திரைப்படங்களில் சக்கர நாற்காலி

முன்னுரை

திரைப்படம் சமுதாயத்தைக் காட்டும் கண்ணாடி என்பது தமிழ் ஆய்வுலகில் பலகாலும் எடுத்தாளப்பெறும் கூற்றாகும். மாற்றுத்திறனாளிகளைச் சித்திரிக்கும் திரைப்படங்களைப் பற்றிய கட்டுரைகளும் பெரும்பாலும் இக்கூற்றிலிருந்தே தொடங்குகின்றன. படங்களை ஆண்டு வரிசையில் நிறுத்துதல், பாத்திரம் நேர்நிலையானதா எதிர்நிலையானதா எனப் பகுத்தல், இறுதியில் 'இப்படம் மனிதநேயத்தை வலியுறுத்துகிறது' என்று முடித்தல் ஆகியவை அவற்றின் வழக்கமான அமைப்பு. இவ்வணுகுமுறை போதாது என்பது மட்டுமன்று. அது பிழையானதுமாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம். சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் பாத்திரம் எத்துணை உயர்ந்த பண்புடையது என்பது முதன்மையான வினா அன்று. அந்நாற்காலி எங்கே செல்கிறது, யாரால் செல்கிறது, எதன்முன் நிற்கிறது என்பனவே கேட்கப்பட வேண்டிய வினாக்கள்.

இவ்வாதத்துக்கு உரைகல்லாகக் கேரளத்தின் தென்கோடி மலையூரான அம்பூரியும், பாறசாலை, நெய்யாற்றின்கரை சார்ந்த எல்லையூர்களும் கொள்ளப்படுகின்றன. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றித் திரையைப் பிரிக்கவில்லை. தமிழ்ப்படமும் மலையாளப்படமும் ஒரே வீட்டில் பார்க்கப்படும் நிலப்பகுதி இது. எனவே இரு மொழித் திரையுலகங்களும் காட்டும் உலகை ஒரே மண்ணோடு ஒப்பிட்டுக் காண இப்பகுதி இடந்தருகிறது.

தண்டியடிகளின் கயிறு

திரைப்படத்துக்கு முன்பே தமிழ் இலக்கியம் உடற்குறையைப் பேசியுள்ளது. புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் குறையுடைய பிறப்பு வகைகள் எட்டினைத் தொகுத்துரைக்கிறார். மணிமேகலையில் ஆபுத்திரன் பார்வையற்றோரையும் கேட்கும் திறனற்றோரையும் நடக்க இயலாதோரையும் அழைத்து உணவூட்டுகிறான். முன்னதில் உடற்குறை பட்டியலாகிறது. பின்னதில் அறம் செய்வார்க்கு வாய்ப்பாகிறது. இரண்டிலும் குறையுடையவர் தாமே செயற்படுபவராக இல்லை.

பெரியபுராணத்துத் தண்டியடிகள் வரலாறு இவற்றினின்றும் வேறுபட்டது. பிறவியிலேயே பார்வையற்ற அவர் திருவாரூர்க் குளத்தைத் தோண்டி அகலப்படுத்த எண்ணினார். குளத்தினுள் ஒரு தறியும் கரைமேல் ஒரு தறியும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்தார். சமணர் எள்ளினர், தறியைப் பிடுங்கினர், மண்வெட்டியையும் கூடையையும் பறித்தனர். முடிவில் இறையருளால் அடியார் பார்வை பெற்றார். எள்ளியோர் பார்வை இழந்தனர்.

இவ்வொரு கதைக்குள் மூன்று பார்வைகள் அடங்கியுள்ளமை ஈண்டு நோக்கத்தக்கது. குறை நீங்குதலே நற்பேறு என்பது ஒன்று. குறை அடைதலே தண்டனை என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் முன்னதாகக் கயிறு இருக்கிறது. பார்வையற்றவர் பார்வையற்றவராகவே இருந்து தாம் விரும்பிய பணியைச் செய்வதற்குத் தாமே வகுத்துக்கொண்ட ஏற்பாடு அது. பகைவர் முதலில் பறித்ததும் அந்த ஏற்பாட்டைத்தான். தமிழ், மலையாளத் திரைப்படங்கள் இக்கதையின் அற்புதத்தையும் தண்டனையையும் எடுத்துக்கொண்டன, கயிற்றை மறந்தன. சக்கர நாற்காலி என்பது இக்காலத்துக் கயிறு. அதனைத் திரை எவ்வாறு கையாண்டுள்ளது என்பதைப் படங்களின் முடிவுகளே எடுத்துக்காட்டும்.

நலம், தண்டனை, சாவு

ஏ. பீம்சிங் இயக்கிய 'பாகப்பிரிவினை' (1959) படத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற கண்ணையன் கையும் காலும் செயலிழந்தவன்; உழைப்பாளி; உடன்பிறந்தானிடம் அன்புடையவன். படம் முழுதும் அவனுடைய பண்பு அவனது உடலைவிட உயர்ந்தது என வற்புறுத்தப்படுகிறது. ஆயினும் முடிவில் அவன் நலமடைந்தே ஆகவேண்டியிருக்கிறது. உடல் ஒரு பொருட்டன்று என்று மூன்று மணிநேரம் போதித்த கதை, உடலைத் திருத்தாமல் திரையை மூடத் துணியவில்லை. பாகம் பிரிந்த குடும்பம் கூடுவதற்கு முடங்கிய கை கூடுவது அடையாளமாக்கப்படுகிறது. மாற்றுத்திறனாளியின் உடல் இங்கு அவனுக்குரியதன்று. குடும்பத்தின் நோயைக் காட்டும் குறியீடு மட்டுமே.

நலமாதல் நல்லவனுக்கு எனின் தண்டனை தீயவனுக்கு. விக்ரம் குமார் இயக்கிய '24' (2016) படத்தில் சூர்யா ஏற்ற ஆத்ரேயா இருபத்தாறு ஆண்டு நினைவின்றிக் கிடந்து எழுந்து சக்கர நாற்காலியில் அமர்கிறான். இழந்த ஆண்டுகளையும் உடலையும் மீட்கக் காலத்தையே பின்னோக்கித் திருப்ப முற்படுகிறான். இப்படத்தில் நாற்காலியின் பொருள் ஐயத்துக்கு இடமற்றது. அது தீமையின் இருக்கை. அதிலிருந்து எழுதல் என்னும் வேட்கையே தீமைக்கு விசையாகிறது. நாற்காலியில் இருந்துகொண்டே வாழ விரும்பும் ஒருவனைக் கற்பனை செய்ய இப்படத்துக்கு வழியில்லை.

மூன்றாவது முடிவு சாவு. ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' நாவலைத் தழுவிப் பாலா இயக்கிய 'நான் கடவுள்' (2009) படத்தில் பார்வையற்ற அம்சவல்லி தன்னை விடுவிக்குமாறு வேண்ட, உருத்திரன் அவளுக்குச் சாவை அருளாக அளிக்கிறான். நாவலில் உடற்குறையுடையோர் கேலி பேசுகின்றனர், சண்டையிடுகின்றனர், ஆசைப்படுகின்றனர். தம்மை விற்பவனைத் தம் சொற்களால் எடைபோடுகின்றனர். படத்திலோ அவர்களுடைய உலகம் நாயகனின் கடவுள்தன்மையை நிறுவுவதற்குரிய பின்புலமாகிவிடுகிறது. இந்தியில் சஞ்சய் லீலா பன்சாலி இயக்கிய 'குஜாரிஷ்' (2010) படத்தின் நாயகன் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த மாயவித்தைக் கலைஞன். அவனுடைய கோரிக்கையும் சாவே. 2016இல் வெளிவந்த 'மீ பிஃபோர் யூ' என்னும் ஆங்கிலப் படம் இதே முடிவைக் காதலின் உச்சமாகக் காட்டியபோது மாற்றுத்திறனாளிகள் பல இடங்களில் எதிர்ப்புத் தெரிவித்தனர். தம் வாழ்வைவிடத் தம் சாவு பார்வையாளர்க்கு நிறைவளிக்கிறது என்பதே அவர்கள் சுட்டிய கொடுமை.

இம்மூன்று முடிவுகளும் வெவ்வேறாகத் தோன்றினும் ஒன்றே. எழுந்து நடத்தல், தண்டிக்கப்படுதல், இறத்தல் ஆகிய மூன்றிலும் நாற்காலி காலியாகிவிடுகிறது, அல்லது வெறுக்கத்தக்கதாகிவிடுகிறது. அமெரிக்க ஆய்வாளர் மார்ட்டின் நார்டன் 1994இல் வெளியிட்ட தம் நூலில், உடற்குறையுடைய பாத்திரங்களை ஏனையோரிடமிருந்து தனிமைப்படுத்துவதே ஹாலிவுட்டின் மரபு என்று விளக்கினார். தமிழ், மலையாளப் படங்களைப் பொறுத்தவரை தனிமைப்படுத்துதலோடு அகற்றுதலும் சேர்ந்துள்ளது.

படி இல்லாத திரை

திரையில் தோன்றும் சக்கர நாற்காலி பெரும்பாலும் ஒரே வகையினது. பின்புறம் இரு கைப்பிடிகள் உடைய, மருத்துவமனைகளில் நோயாளியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லும் மடக்கு நாற்காலி அது. கைப்பிடி என்பது தள்ளுபவருக்காக அமைந்தது; அமர்ந்திருப்பவருக்குரியது சக்கரத்தின் மேலுள்ள உந்துவளையம். அமர்ந்திருப்பவர் தம் கையால் வளையத்தை உந்திச் சென்று ஒரு கடையில் பொருள் வாங்குவதும், பேருந்துக்குக் காத்திருப்பதும் திரையில் அரிது. மகளோ மனைவியோ நண்பனோ பின்னின்று தள்ள, தள்ளுபவரின் முகத்திலேயே ஒளிப்படக்கருவி நிலைகொள்கிறது. பாட்டும் அவருக்கு, தியாகமும் அவருக்கு. அமர்ந்திருப்பவர் அத்தியாகத்தின் காரணப்பொருளாக எஞ்சுகிறார்.

மற்றொன்றும் கருதத்தக்கது. திரையில் வரும் நாற்காலியின் முன் படி வருவதில்லை. வரவேற்பறையில் காட்சி முடிகிறது. தோட்டத்தில் அடுத்த காட்சி தொடங்குகிறது. இடையிலுள்ள வாயிற்படி படத்தொகுப்பில் மறைந்துவிடுகிறது. வாழ்வில் முழுநாளையும் தீர்மானிக்கும் அந்த ஆறு அங்குலத்தைத் திரை ஒரு வெட்டில் கடந்துவிடுகிறது. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது சாய்தளத்துக்குரிய அளவு விதி. ஓரடி உயரத்தை ஏறுவதற்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம் வேண்டும். இந்த எளிய கணக்கு தெரிந்த திரைக்கதை ஒன்றேனும் இருப்பின், 'விதி' என்னும் சொல் வசனங்களில் பாதியாகக் குறைந்திருக்கும்.

அம்பூரியின் நிலவமைப்பை இங்கு நினைத்தல் வேண்டும். மேற்குத்தொடர்ச்சி மலையின் சரிவில், ரப்பர் மரங்களிடையே, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த வீடுகள் நிறைந்த ஊர் அது. 2001 நவம்பர் 9ஆம் நாள் இரவு பெய்த பெருமழையில் மலைச்சரிவு இடிந்து நாற்பதை ஒட்டிய உயிர்களைக் கொண்ட நிலம் அது. நெய்யாறு நீர்த்தேக்கத்துக்கு அப்பாலுள்ள காணிக்காரர் குடியிருப்புகளுக்கு நெடுங்காலம் தோணியே வழியாக இருந்தது. சாலையிலிருந்து வீட்டுக்கு மண்ணில் வெட்டிய படிகளே பாதையாக உள்ள இத்தகைய ஊரில் ஒருவரது இயக்கத்தைத் தடுப்பது முதுகெலும்பு மட்டுமன்று, படியும்தான். அம்பூரியில் எழுப்பப்படும் கைப்பிடிச்சுவரும், சாலையோடு வீட்டை இணைக்கும் சாய்வுப்பாதையும், கடவில் போடப்படும் பாலமும் ஒருவரது உடலைச் சிறிதும் மாற்றாமலேயே அவரது வாழ்வை மாற்றவல்லவை. 1970களில் பிரித்தானிய மாற்றுத்திறனாளர் இயக்கம் முன்வைத்த சமூகவழிக் கோட்பாடு கூறுவதும் இதுவே. உடலில் உள்ளது குறைபாடு. அதனை இயலாமையாக்குவது சமூகத்தின் அமைப்பு. திரையோ படியை மறைப்பதன் வாயிலாக இயலாமையின் பொறுப்பு முழுவதையும் உடலின்மீதே சுமத்திவிடுகிறது.

மலையூரை விட்டுச் சமவெளிக்கு வந்தாலும் நிலை வேறன்று. தமிழ்ப்படங்களில் சென்னை மெரினாக் கடற்கரை இடம்பெறாத பத்தாண்டு இல்லை. அக்கடற்கரையில் சக்கர நாற்காலி அலைவரை செல்வதற்கான நிரந்தர மரப்பாதை 2022 நவம்பரில்தான் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமுற்றுப் பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. அத்தனை ஆண்டுக் காதற்பாட்டுகளிலும் மணலில் எவர் வரவில்லை என்பதைத் தமிழ்த்திரை ஒருமுறையும் கேட்டுக்கொள்ளவில்லை.

எல்லையூர்ச் சக்கரங்கள்

திரையின் சக்கர நாற்காலி செல்வர்க்குரியது என்பது அடுத்த குற்றச்சாட்டு. வம்சி பைடிப்பள்ளி இயக்கிய 'தோழா' (2016) படத்தில் நாகார்ஜுனா ஏற்ற பாத்திரம் பாராகிளைடிங் விபத்தில் செயலிழந்த பெருஞ்செல்வர். மின்விசையில் இயங்கும் நாற்காலியும் பணியாட்களும் மாளிகையும் அவருக்குண்டு. இது 2011இல் வெளியான பிரெஞ்சுப் படத்தின் மறுஆக்கம். அதே ஆண்டில் வி. கே. பிரகாஷ் இயக்கிய மலையாளப் படமான 'பியூட்டிஃபுல்' காட்டும் ஸ்டீபனும் செல்வரே. இவ்விரு படங்களிலும் நகைச்சுவையும் நட்பும் உண்டு. இரக்கக் கண்ணீர் மட்டுப்பட்டுள்ளது. இதனைப் பாராட்டலாம். எனினும் செல்வருக்கு இல்லாதது மகிழ்ச்சி மட்டுமே என்றும், ஏழை நண்பன் அதனைக் கொண்டுவருகிறான் என்றும் கதை அமைவதால், நாற்காலிக்கும் கூலிக்கும் ஓய்வூதியத்துக்கும் உள்ள தொடர்பு முற்றிலும் மறைகிறது.

எல்லையூர்களில் முதுகெலும்பு முறிவது பாராகிளைடிங்கில் அன்று. பனையும் தென்னையும் கமுகும் ஏறிப் பிழைத்த நிலம் இது. மரத்திலிருந்து விழுதல் இத்தொழிலோடு பிறந்த இடர். உயரத்திலிருந்து விழுதலே தண்டுவடக் காயத்தின் தலையாய காரணங்களுள் ஒன்று என இந்திய மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. மரமேறுகையில் விழுந்து செயலிழந்த தொழிலாளர்க்கெனக் கேரளத் தொழிலாளர் துறை தனியே உதவித் திட்டம் வைத்திருப்பது இவ்விடரின் பரவலுக்குச் சான்று. பனையேறி ஒருவர் விழுந்தபின் வாழும் வாழ்வு, அதாவது படுக்கைப்புண்ணும் உதவித்தொகைக்கான அலைச்சலும் ஊரார் சேர்ந்து தூக்கிச் செல்லும் வழக்கமும், மீண்டும் ஈட்டத் தொடங்கும் முதல் ரூபாயும், இருமொழித் திரையிலும் கதைப்பொருளாகும் தகுதி பெறவில்லை.

'முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டாற்போல' என்பது தமிழ்ப் பழமொழி. ஆசைப்பட்டவனைக் குறைகூறும் இப்பழமொழி கொம்பின் உயரத்தைக் கேள்விக்குட்படுத்துவதில்லை. கொம்பில் ஏறி விழுந்தவனே முடவனானான் என்பதையும் அது அறியாது.

இப்பகுதியின் சாலைச் சந்திப்புகளில் சக்கரத்தின்மேல் அமர்ந்திருப்போருள் லாட்டரிச் சீட்டு விற்போர் முதன்மையானவர். கேரள அரசு 1967இல் தொடங்கிய லாட்டரி, மாற்றுத்திறனாளிகள் பலருக்கு வாழ்வாதாரமாக உள்ளது. தமிழகத்தில் லாட்டரி 2003இல் தடைசெய்யப்பட்டது. எனவே எல்லைக்கோட்டின் ஒருபுறம் முச்சக்கர வண்டியில் அமர்ந்து சீட்டு விற்பவரைக் காணலாம், மறுபுறம் காணவியலாது. அவர் தொழிலாளி, தம் கணக்கைத் தாமே வைப்பவர், மழையில் வண்டியை எங்கே ஒதுக்குவது என அறிந்தவர். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் ஊர்விட்டு ஊர் செல்பவர். அவ்வண்டியில் ஒரு நாயகனோ நாயகியோ காதலிக்கச் சென்றதாகவும் கடன் கேட்கச் சென்றதாகவும் திரைப்படங்கள் காட்டத் தயங்குவதேன்? காட்டினால் அவர் இரங்கத்தக்கவராகத் தோன்றமாட்டார் என்பதே காரணம்.

திருக்குறளின் 618ஆம் குறள் பொறியின்மை எவருக்கும் பழியன்று என்றும், அறியவேண்டியவற்றை அறிந்து முயலாமையே பழி என்றும் கூறுகிறது. 'பொறி' என்பதற்குப் பரிமேலழகர் விதி எனப் பொருள் கொண்டார்; உறுப்பு எனப் பொருள் கொண்டோரும் உளர். திரைப்படமோ இரு பொருளையும் ஒன்றாகக் குழைத்து, உறுப்பில்லாதவன் விதியில்லாதவன் என்றாக்கிவிட்டது. விதியைச் சீட்டாக்கி நாள்தோறும் பிறருக்கு விற்கும் எல்லையூர் மனிதரைக் கண்டிருந்தால் இக்குழப்பம் நேர்ந்திராது.

தன்னம்பிக்கை என்னும் பொறி

'இரக்கத்தைத் தூண்டும் படங்கள் பழையன. இப்போதைய படங்கள் தன்னம்பிக்கையை ஊட்டுகின்றன' என்பது இவ்வாதத்துக்கு எதிராகக் கூறப்படும் முதல் மறுப்பு. தன்னம்பிக்கை யாருக்கு என்று கேட்டால் இம்மறுப்பு நில்லாது. ஆஸ்திரேலிய இதழாளரும் சக்கர நாற்காலிப் பயனருமான ஸ்டெல்லா யங் 2014இல் ஆற்றிய உரையில், மாற்றுத்திறனாளிகளைப் பிறருக்கு ஊக்கமளிக்கும் பொருளாக்குவதை வன்மையாகச் சாடினார். எத்தனை புன்னகைத்தாலும் படிக்கட்டு சாய்தளமாகிவிடாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். மாற்றுத்திறனாளி சாதிப்பதைக் கண்டு நலமுடையவர் ஊக்கம் பெறுவதே இவ்வகைப் படங்களின் பயன்.

மிஷ்கின் இயக்கிய 'சைக்கோ' (2020) படத்தில் நித்யா மேனன் ஏற்ற கமலா தாஸ் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த முன்னாள் காவல் அதிகாரி. அவருடைய அறிவும் சினமும் வசவும் வழக்கமான தியாகப் படிமத்தை உடைக்கின்றன. எனினும் பார்வையற்ற நாயகன் காரோட்ட, அவர் வழிகாட்டும் காட்சியில் படம் பழைய உவமையிடம் சரணடைகிறது. பார்வையற்றவன் தோளில் நடக்க இயலாதவன் ஏறிய சாங்கியக் கதையே அது. இரு குறைகளைக் கூட்டி ஒரு முழுமையைச் செய்யும் அக்கணக்கில், முழுமைக்கு இலக்கணம் இன்னமும் நலமுடைய உடலே.

விதிவிலக்குகளையும் கூறுதல் நேர்மையாகும். 'அன்பே சிவம்' (2003) படத்து நல்லசிவம் விபத்தில் உடல் சிதைந்தவர். ஆயினும் வெள்ளமும் புயலும் குறுக்கிட்ட வழியில் புவனேசுவரத்திலிருந்து சென்னைவரை பயணம் செய்பவர் அவரே. நலமுடைய துணைவனுக்கு வழி சொல்பவரும் அவரே. ஆனால் முடிவில் காதலியை விட்டுக்கொடுத்து நடந்து மறைவதும் அவரே. ராம் இயக்கிய 'பேரன்பு' (2019), மூளை முடக்குவாதமுடைய பெண்ணின் பூப்பையும் பாலுணர்வையும் தந்தையின் நாணத்தையும் மறைக்காமல் பேசியது. அப்படமும் தந்தையும் மகளும் கடலில் இறங்கும் கணத்தைத் தொடாமல் முடியவில்லை. ஆயினும் அங்கிருந்து மீண்டு, மற்றொரு விளிம்புநிலை மனிதரான திருநங்கை மீராவோடு வாழத் தொடங்குகிறது. சாவைத் தாண்டியும் கதை உண்டு என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

யார் நடிப்பது?

'பிறர் உடலைத் தன் உடலாக்குவதே நடிப்பு. மாற்றுத்திறனாளியை மாற்றுத்திறனாளியே நடிக்கவேண்டும் என்பது கலையை மறுப்பதாகும்' என்பது இரண்டாவது மறுப்பு. கொள்கையளவில் இது சரியே. நடைமுறையில் இவ்வுரிமை ஒருவழிப் பாதையாகவே உள்ளது என்பதுதான் சிக்கல். '16 வயதினிலே' (1977) படத்துச் சப்பாணி கமல்ஹாசனுக்கும், 'காசி' (2001) படத்துப் பார்வையற்ற பாடகன் விக்ரமுக்கும் புகழ் தந்தனர். சக்கர நாற்காலியில் வாழும் நடிகர் ஒருவர் நலமுடையவராக நடிப்பது இருக்கட்டும். சக்கர நாற்காலிப் பாத்திரத்துக்கேனும் அழைக்கப்படுகிறாரா? படப்பிடிப்புத் தளத்தின் ஒப்பனை வண்டியில் ஏறும் படியே அவருக்கு விடைகூறிவிடும்.

இயலாது என்பதற்கில்லை. 1981இல் திருச்சிராப்பள்ளி அருகே நேர்ந்த பேருந்து விபத்துக்குப்பின் காலை இழந்த சுதா சந்திரன், செய்பூர்க் காலுடன் மீண்டும் ஆடினார். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய 'மயூரி' (1985) தெலுங்குப் படத்தில் தம் கதையைத் தாமே நடித்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அது விதிவிலக்காகவே எஞ்சுவது திரையுலகின் மீதான குற்றச்சாட்டாகும்.

எவ்வுடல் திரையில் தோன்றலாம் என்னும் வினா இந்நிலத்துக்குப் புதிதன்று. அகஸ்தீசுவரத்தில் பிறந்த ஜே. சி. டேனியல் 1920களின் இறுதியில் உருவாக்கிய 'விகதகுமாரன்' முதல் மலையாளத் திரைப்படம். அதில் நாயர்ப் பெண்ணாக நடித்த தலித் பெண் பி. கே. ரோசி, அக்காரணத்தாலேயே தாக்கப்பட்டுத் தமிழகத்துக்குத் தப்பியோட நேர்ந்தது. அவர் தமக்குரியதல்லாத உடலை நடித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். பிறர் உடலை நடிக்கும் கலையுரிமை எல்லார்க்கும் பொது என்று இன்று வாதிடுவோர், அவ்வுரிமை எவருக்கு வாய்த்தது, எவருக்குக் கல்லடியாயிற்று என்னும் வரலாற்றை இவ்வெல்லைப் பகுதியிலிருந்தே கற்கலாம்.

சொல்லும் சட்டமும்

திரையின் பிழையில் மொழிக்கும் பங்குண்டு. 'சக்கர நாற்காலியில் முடங்கினார்' என்பது இதழ்களிலும் திறனாய்வுகளிலும் தயக்கமின்றி எழுதப்படும் தொடர். உண்மையில் முடங்கிக் கிடந்தவரை வெளியே கொண்டுவருவது சக்கர நாற்காலி. விடுவிக்கும் கருவியைச் சிறையாக்கும் இத்தொடர் வழக்கிலிருந்து நீங்கவேண்டும். 2010இல் தமிழக அரசு மு. கருணாநிதி தலைமையில் 'ஊனமுற்றோர்' என்பதற்கு மாற்றாக 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல்லை ஏற்றது. மலையாளத்தில் 'விகலாங்கர்' என்பது 'பின்னசேஷிக்காரர்' ஆயிற்று. எல்லையூரில் ஒருவர் இரு மொழியிலும் புதுப்பெயர் பெற்றுவிட்டார்; ஆனால் அரசு அலுவலகத்தின் படி இரு மொழியிலும் படியாகவே உள்ளது. பெயர் மாற்றம் தேவையற்றது என்பதன்று. பெயரோடு நிற்றல் போதாது என்பதே கருத்து.

இந்தியா 2007இல் மாற்றுத்திறனாளர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள்; அவர்களுள் ஏறத்தாழ 54 இலட்சம் பேர் இயக்கக் குறைபாடுடையோர். 2016 டிசம்பரில் நிறைவேறிய மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் குறைபாட்டு வகைகளை ஏழிலிருந்து இருபத்தொன்றாக விரித்தது. 'தோழா'வும் '24'உம் வெளியான ஆண்டும் அதுவே. சட்டம் உரிமை என்று பேசத் தொடங்கிய ஆண்டில் திரை ஒருபுறம் செல்வனின் துயரையும் மறுபுறம் தீயவனின் வெறியையும் அதே நாற்காலியில் அமர்த்திக்கொண்டிருந்தது.

2024 ஜூலை 8ஆம் நாள் 'ஆங்க் மிச்சோலி' என்னும் இந்திப் படம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இவ்வகையில் முதன்மையானது. இழிவுபடுத்தும் சொற்களைத் தவிர்த்தல், ஒரு புலன் குன்றினால் மற்றொரு புலன் மிகும் என்பன போன்ற கட்டுக்கதைகளை விலக்குதல், மாற்றுத்திறனாளிகளைப் படைப்பாக்கத்தில் பங்கேற்கச் செய்தல் ஆகியவற்றை அது வலியுறுத்தியது. மாற்றுத்திறனாளியை இழிவுசெய்யும் நகைச்சுவையையும் மாற்றுத்திறன் வாழ்வைப் புரியவைக்கும் நகைச்சுவையையும் வேறுபடுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் இராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் வசதிக்கான விதிகள் பரிந்துரைகளாக மட்டும் இருத்தல் ஆகாது. கட்டாய விதிகள் வேண்டும் என்று அந்நீதிமன்றம் கூறியது. இவ்விரு தீர்ப்புகளும் தனித்தனியே படிக்கப்படுகின்றன. சித்திரிப்பும் சாய்தளமும் ஒரே வினாவின் இரு பகுதிகள் என்பதால் அவற்றைச் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

தமிழகத்தில் கதைக்குப் பஞ்சமில்லை. தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். தம் சிற்றூரிலேயே இருந்து பள்ளியையும் மறுவாழ்வு மையத்தையும் வளர்த்தார். 2020இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவர் எழுந்து நடக்கவில்லை, தண்டிக்கப்படவுமில்லை, சாவை வேண்டவுமில்லை. நாற்காலியில் இருந்தபடியே பிறருக்கும் நாற்காலி கிடைக்கச் செய்தார். தண்டியடிகள் கட்டிய கயிற்றின் தொடர்ச்சி இத்தகைய வாழ்வில் உள்ளது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. தமிழ், மலையாளத் திரைப்படங்கள் சக்கர நாற்காலியை ஊர்தியாகக் காட்டாமல் விதியின் குறியீடாகவே பெரிதும் காட்டியுள்ளன. நலமாதல், தண்டனை, சாவு ஆகியன அக்குறியீட்டின் முடிவுகள்.

2. வாயிற்படியைக் காட்சியிலிருந்து நீக்குவதன் வாயிலாக, சமூகம் ஏற்படுத்திய தடையைத் திரை உடலின் குறையாக மாற்றிவிடுகிறது.

3. செல்வரின் நாற்காலியே திரைக்கு உவப்பானதாக உள்ளது. மரமேறி விழுந்த தொழிலாளியும் முச்சக்கர வண்டியில் சீட்டு விற்பவரும் கதைக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளனர்.

4. பாத்திரத்தை நல்லது, தீயது எனப் பகுக்கும் ஆய்வுமுறை இப்பிழைகளைக் கண்டறிய உதவாது. ஒரு படத்தை ஆராய்வோர், நாற்காலியை உந்துபவர் யார், அது எவ்விடங்களுக்குச் செல்கிறது, எப்படியின் முன் நிற்கிறது, நடிப்பவர் யார், படம் முடிந்தபின் அந்நாற்காலி எங்கே உள்ளது என்னும் ஐந்து வினாக்களையேனும் எழுப்புதல் வேண்டும்.

மாற்றுத்திறனாளர் சித்திரிப்பைப் பற்றிய ஆய்வேடுகளை நூலகத்தின் மாடியில் அடுக்கிவைத்து, அம்மாடிக்குச் சாய்தளமோ மின்தூக்கியோ அமைக்காத கல்வி நிறுவனங்களும் இக்குற்றச்சாட்டிலிருந்து விலக்குப்பெறா. தறியைப் பிடுங்கிவிட்டு அற்புதத்துக்காகக் காத்திருப்பது அறமன்று. கயிற்றை மீண்டும் கட்டுவதே திரைக்கும் ஆய்வுக்கும் உரிய கடமை என்பது இக்கட்டுரையின் துணிபு.